வெளிநாட்டுப் பிள்ளைக்கு நம் வீட்டில் பிறந்தநாளா?

பிரான்ஸில் சொந்தபந்தம் உள்ள வீடுகள் காரைக்கால் பக்கம் ஏராளம். சுரக்குடி போன்ற ஊருக்கு அங்கிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ தொண்டு வேலைக்கு வந்து, நம் வீட்டில் தங்கும் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தால் இவை கைகொடுக்கும்.

1. நமக்குத் தேதி ஒன்று, நட்சத்திரம் ஒன்று. நட்சத்திரம் பார்க்கப் பிறந்த நேரம் வேண்டும். பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழில் அது இருக்கும். அந்த நேரத்தோடு குளிர்காலப் பிறப்பென்றால் 4.30 மணி நேரம், கோடையென்றால் 3.30 மணி நேரம் கூட்டிப் பஞ்சாங்கம் பாருங்கள்.

2. நட்சத்திரம் முதலில் வந்தால் அர்ச்சனையோடு நிறுத்துங்கள். முன்கூட்டி வாழ்த்துவது ஜெர்மன்காரர்களுக்கு அபசகுனம். வாழ்த்து, தேதியன்றே.

3. திருநள்ளாற்றில் சனிக்கிழமை கூட்டம் நெரியும். வேறு கிழமையில் போங்கள். வேற்று மதத்தவர் எதுவரை போகலாம் என்று முன்பே கேட்டுவிடுங்கள். கோத்திரம் கேட்டால் 'சிவ கோத்திரம்' எனலாம்.

4. கேக்கைக் குத்துவிளக்குக்கு அருகில் வைக்காதீர்கள். மெழுகுவத்தியை ஊதுவது அவர்கள் வழக்கம். விளக்கை ஊதாமல் மலையேற்றுவது நம் வழக்கம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மெழுகுவத்தி ஏற்றும்போது மட்டும் மின்விசிறியை நிறுத்துங்கள்.

5. நமக்கு மங்கலமான சாமந்தி, பிரான்ஸில் நவம்பர் 1 அன்று கல்லறைக்கு வைக்கும் பூ. பிரெஞ்சுப் பிள்ளைக்கு மல்லிகையோ ரோஜாவோ கொடுங்கள்.

6. பால் சாப்பிடாதவராக இருந்தால் தேங்காய்ப்பாலில் பருப்புப் பாயசம் வைக்கலாம், நெய் வேண்டாம். முந்திரி ஒத்துக்கொள்ளுமா என்று முதலிலேயே கேளுங்கள். ஒவ்வாமை என்றால் அன்றைய சமையலில் முந்திரியே சேர்க்காதீர்கள்.

7. ஆரத்தி எடுக்குமுன், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்துதான் அந்தச் சிவப்பு, கண்ணேறு கழிக்கத்தான் சுற்றுகிறோம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் திகைத்துப் போவார்கள்.

8. புதுத்துணியின் ஓரத்தில் தடவிய மஞ்சள், சோப்பு பட்டதும் சிவக்கும். பதற வேண்டாம். அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும்.

9. பரிசை அங்கே கொடுத்தவர் எதிரிலேயே பிரிப்பார்கள். நாம் வாங்கி உள்ளே வைப்போம். உங்கள் எதிரில் பிரித்தால் அவசரம் என்று நினைக்காதீர்கள். 501 ரூபாய் வைத்துக் கொடுத்தால், அந்த ஒரு ரூபாய் எதற்கு என்பதையும் சொல்லுங்கள்.

10. ஜெர்மனியில் பிறந்தநாள்காரரே அலுவலகத்துக்குக் கேக் கொண்டுபோவார். அவரே வாங்கி வந்தால் தடுக்காதீர்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் சாக்லேட் கொடுப்பதும் அதுதானே!

11. ஊருக்குக் கிளம்பும்போது அவருடைய தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறுமே என்பார்; பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லத்தான் நாம் இருக்கிறோம் என்று சொல்லி அனுப்புங்கள்.