ஊர்ப்பெயர் சொல்லும் விலங்குகளின் கதை

இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் வூல்பிட் என்னும் சிற்றூர் உள்ளது. ஆங்கிலத்தில் ‘வூல்’ என்றால் கம்பளி. ஆகவே, இது கம்பளி வணிகத்தால் பெயர்பெற்ற ஊர் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. பழைய ஆங்கிலத்தில் இப்பெயருக்கு ‘ஓநாய்க் குழி’ என்பது பொருள். கால்நடைகளைத் தாக்கும் ஓநாய்களைப் பிடிக்க அக்கால மக்கள் ஆழமான குழிகளை வெட்டினர். குழியும் இல்லை, ஓநாயும் இல்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இவ்வாறு விலங்குகளால் பெயர்பெற்ற ஊர்கள் இங்கிலாந்தில் பல உள்ளன. ஹெர்ட்ஃபர்ட் என்பது ஆண்மான்கள் ஆற்றைக் கடந்த துறையைக் குறிக்கும். காற்பந்து இரசிகர்கள் நன்கறிந்த எவர்ட்டன் என்னும் பெயருக்குக் ‘காட்டுப்பன்றிப் பண்ணை’ என்பது பொருள். பெவர்லி என்னும் நகரின் பெயர், பீவர் என்னும் நீர்வாழ் விலங்கை நினைவூட்டுகிறது.

எனினும், பெயரின் இன்றைய ஒலியை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது. வுல்வர்ஹாம்ப்டன் என்ற பெயரைக் கேட்டதும் ஓநாயே நினைவுக்கு வரும். ஆனால், அந்நகர் வுல்ஃப்ரன் என்னும் பெண்மணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 985ஆம் ஆண்டில் மன்னர் எதெல்ரெட் அவருக்கு அங்கு நிலம் வழங்கினார். இத்தகைய குழப்பங்களைத் தவிர்க்க, ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டுகின்றனர். 1086ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ என்னும் நிலக் கணக்கேடு அவற்றுள் முதன்மையானது. ஒரு பெயர் அன்று எவ்வாறு எழுதப்பட்டது என்பதை அறிந்தால், அதன் வேர்ச்சொல்லையும் கண்டறியலாம்.

இந்த ஆய்வு மொழிக்கு மட்டும் பயன்படுவதன்று. எந்த விலங்கு எங்கே வாழ்ந்தது என்பதற்கும் ஊர்ப்பெயர்கள் சான்று கூறுகின்றன. வேட்டையாலும் காடழிப்பாலும் இங்கிலாந்தின் ஓநாய்கள் ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தன. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்ட பீவர்களும் அழிந்தன.

ஆயினும், பீவரின் கதை அத்துடன் முடியவில்லை. டெவன் வட்டாரத்தில் ஓர் ஆற்றில் மீண்டும் பீவர்கள் காணப்பட்டன. 2015ஆம் ஆண்டு முதல் ஐந்தாண்டுகள் அவை கண்காணிக்கப்பட்டன. 2020இல், அவை அங்கேயே நிலையாக வாழ அரசாங்கம் அனுமதி வழங்கியது. அந்த ஆற்றின் பெயர் ஒட்டர். அதன் பொருள் நீர்நாய். ஒரு விலங்கின் பெயரைத் தாங்கிய ஆறு, மறைந்துபோன மற்றொரு விலங்குக்கு மீண்டும் வாழ்வளித்துள்ளது.