தாழ்ப்பாள் உன் பொறுப்பு, தாயி

தோட்டத்து வீட்டில் வாத்துக்குஞ்சு வளர்க்க ஆசை, ஆனால் நாய் இருக்கிறதே என்று கேட்டாய், தாயி. வளர்க்கலாம். குஞ்சின் உயிருக்குப் பொறுப்பு நீதான், நாய் அல்ல. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேள்.

1. உன் நாயின் பிறவிக் குணத்தை முதலில் ஏற்றுக்கொள். நம் ராசிங்காபுரத்திலிருந்து தெற்கே தேவாரம், பண்ணைப்புரம் தாண்டினால் கோம்பை. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய நாய், மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியை மறித்து நிற்க வளர்த்த இனம். சிப்பிப்பாறை நாய் முயலை விரட்டிப் பிடிக்க வளர்த்த இனம். சாதாரண நாட்டு நாய்க்கும் அந்த வேகம் கொஞ்சம் உண்டு. கீச்கீச்சென்று கத்திக்கொண்டு தத்தித் தத்தி ஓடும் சின்ன உயிரைக் கண்டால் நாயின் உடம்பு தானாக முந்தும். அதில் வஞ்சம் இல்லை. "எங்க மணி அப்படியெல்லாம் செய்ய மாட்டான்" என்று அடித்துப் பேசுகிறவர் வீட்டுக் குஞ்சுகளை நினைத்துத்தான் நான் பயப்படுவேன்.

2. குஞ்சு வருவதற்கு முன்னால் இடம் தயாராக இருக்கட்டும். பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல்லை வைத்தால் காக்கைக்குப் போதும். நாய் மூக்காலேயே அதைப் புரட்டிவிடும். கதவுள்ள அறை, அதற்குள் நெருக்கமான கம்பிவலை, இரண்டும் வேண்டும். முதல் வாரம் குஞ்சுக்கு ஏறக்குறைய 32 டிகிரி சூடு தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். ஆடி மாதம் மலைக் கணவாயிலிருந்து இறங்கும் காற்று உனக்குத் தெரியாததா? அந்தக் காற்றுப் படாத மூலையாகப் பார்த்து வை. சூட்டுக்கு மாட்டும் பல்பின் ஒயர் நாயின் வாய்க்கு எட்டக் கூடாது.

3. கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கு பழகட்டும். குஞ்சு படுத்த துணியை நாயிடம் நீட்டு. மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் தட்டிக்கொடு. சில நாள் இப்படியே போகட்டும். அதன் பிறகு கம்பிவலைக்கு வெளியே, கழுத்துப்பட்டையில் கயிறு போட்டு, எட்ட நிறுத்திக் காட்டு. வயிறு நிறைந்து, நன்றாக நடந்து களைத்த நேரமாக அது இருக்கட்டும். பசித்த நாயைக் குஞ்சின் முன் கொண்டுபோய் நிறுத்துவது, அதன் பொறுமையின் மேல் நாம் சுமத்தும் அநியாயம்.

4. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். குஞ்சு விஷயத்தில் குரைக்காத நாயைத்தான் உற்றுக் கவனிக்க வேண்டும். காது முன்னே குவிந்து, வாய் மூடி, வால் விறைத்து, இமைக்காமல் பார்க்கிறதா? சத்தம் போடாமல் கயிற்றை இழுத்து அப்பால் கொண்டு போ. கொட்டாவி விட்டுத் தரையில் தளர்வாகப் படுத்தால் நல்லது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு நாய் நாள்கணக்கில் கூண்டருகே அசையாமல் உட்கார்ந்திருந்தது. காவல் காக்கிறது என்று எல்லோரும் மெச்சினார்கள். வீட்டுக்காரம்மா கூண்டுக் கதவைத் திறந்துவைத்துத் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரம்தான். நாய் ஒரு குஞ்சைத் தின்னவில்லை, கடித்துக் குதறவும் இல்லை; கவ்வி உதறியது, அவ்வளவே. அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து அழுததை இன்றும் நினைக்கிறேன். நாய்க்கு விளையாட்டாக இருப்பதைக் குஞ்சின் எலும்பு தாங்காது.

5. நாயை அடிக்காதே. செத்த குஞ்சை அதன் மூக்கில் தேய்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் நாய் கற்பது ஒன்றுதான்: குஞ்சு பக்கத்தில் இருந்தால் அடி விழும். பிறகு குஞ்சைக் கண்டாலே பதறும். பதறிய நாய் இன்னும் ஆபத்து. குஞ்சு வாங்குவதற்கு முன்பே "வா", "இரு", "விடு" என்ற மூன்று சொல்லையும் சாந்தமான குரலில் பழக்கிவிடு. வீட்டில் மற்றவர்களிடம் கோபமாகப் பேசுகிற நாளில் இந்தப் பாடம் எடுக்காதே. உன் குரலில் இருக்கும் நடுக்கம் அதற்குத் தெரிந்துவிடும்.

6. குஞ்சு நாயைக் கண்டு ஒதுங்கும் என்று எண்ணாதே. பொரித்த புதிதில் எது அசைந்து நடக்கிறதோ அதன் பின்னால் போவது வாத்தின் இயல்பு. ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ் பின்னால் வாத்துக்குஞ்சுகள் வரிசையாக நடந்தன. விலங்குகளின் நடத்தையைப் பற்றிய ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பல்பின் சூட்டில் வளர்ந்த தாயில்லாக் குஞ்சு நாயின் காலடிக்கே நேராக வந்து நிற்கலாம். கோழியை அடைவைத்து வாத்து முட்டை பொரிக்கிற வீடுகளில் கதை வேறு. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அதிகப்படியான நாளையும் பொறுத்து உட்கார்ந்த அந்தத் தாய், நாய் நெருங்கினால் இறக்கை விரித்து மூக்கிலேயே கொத்தும். ஆனாலும் கோழியை நம்பி நீ விலகிவிடாதே.

7. நாயின் சோற்றுத் தட்டு வாத்து நடமாடும் இடத்தில் இருக்கவே வேண்டாம். வாத்து எந்தத் தட்டிலும் அலகை விடும். சாந்தமான நாயும் தன் சோற்றுக்கு உறுமும். தண்ணீரும் தனித்தனி. குஞ்சுக்குத் தாழ்வான தட்டம் போதும். தாயின் இறகெண்ணெய் படாத குஞ்சு நனைந்தால் விறைத்துப்போகும். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. எச்சத்தில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடந்தோறும் தவறக் கூடாது.

8. நாயின் முதுகில் குஞ்சை உட்காரவைத்துப் படம் எடுக்கக் கேட்பார்கள். அவர்கள் மனம் கோணினாலும் முடியாது என்று சொல்.

9. அவசரப்படாதே. குஞ்சுக்கு முழு இறகு வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதற்கு முன் கயிறில்லாத நாயை அருகே விடாதே. அதன் பிறகும் நீ கூடவே இரு. தனியாக அடங்கியிருக்கும் நாய், தெருநாய் ஒன்று சேர்ந்துகொண்டால் வேறு நாயாகிவிடும். சில நாய்கள் கடைசிவரை வாத்தோடு பழகுவதில்லை. அப்படியானால் நடுவில் வேலி போட்டு இரண்டையும் வளர். அதற்காக நாயைத் துரத்திவிடாதே.

10. நம் அடிவாரத்தில் கீரியும் காட்டுப்பூனையும் உண்டு. நாய் காவல் இருக்கிறதே என்று கூண்டைத் திறந்துபோடாமல், இருட்டும் முன் வாத்தை எண்ணி உள்ளே விட்டு, தாழ்ப்பாளை உன் கையாலேயே போடு.