தள்ளாத வயதும் ஜமாஅத்தும்

ஜும்ஆ யார் மீது கடமை, யார் மீது கடமையில்லை என்ற பாடத்தை ஓதும் மதரஸா மாணவன் நோயாளி, பிரயாணி, பெண்கள், சிறுவர் என்று ஒரே மூச்சில் ஒப்பித்து விடுவான். தள்ளாத வயோதிகரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவான். நாமும் அப்படித்தான் ஓதினோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (வபாத்: ஹிஜ்ரி 676) தமது மின்ஹாஜில் அவ்விடத்தில் வைத்துள்ள நிபந்தனை, இமாமத் செய்ய வந்த பிறகுதான் நமக்கு உறைத்தது.

தள்ளாத முதியவருக்கும் கால் முடங்கியவருக்கும் வாகனம் கிடைத்து, அதில் ஏறிச் செல்வது கடும் சிரமமாகவும் இல்லையென்றால் அவர்கள் மீதும் ஜும்ஆ கடமை. பார்வையற்றவருக்குக் கைபிடித்துச் செல்ல ஆள் கிடைத்தாலும் அப்படியே. அந்த வாகனம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. வாடகையோ இரவலோ போதும். சுமந்து செல்ல ஒரு மனிதன் கிடைத்தாலும் அதுவும் வாகனமே என்று ஷரஹு எழுதியவர்கள் கூறுகிறார்கள். இது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம், கைபிடிக்க ஆளிருந்தாலும் பார்வையற்றவர் மீது ஜும்ஆ கடமையில்லை. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) கடமை என்கிறார்கள். ஹனஃபிச் சகோதரர்கள் தங்கள் உலமாக்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளட்டும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முதியவரின் கடமையைச் சொல்ல வந்த சட்டம், அவரைச் சுற்றியிருப்பவர்களையும் திரும்பிப் பார்க்கிறது. அவருக்கு வாகனம் இருக்கிறதா, கை கொடுக்க ஆள் இருக்கிறதா என்று அது கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மகன், மருமகன், அண்டை வீட்டார்.

வீடுகளில் நடப்பதென்ன? “உங்களுக்குத்தான் மன்னிப்பு இருக்கே வாப்பா, வீட்டிலேயே தொழுதுக்குங்க” என்கிறான் மகன். அவன் கெட்ட பிள்ளையல்ல. ஹவுலுப் பக்கம் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயம் அவனுக்கு. ஒரு ஜும்ஆ போகிறது, இரண்டு போகிறது. பிறகு நிக்காஹ் மஜ்லிஸுக்கும் அவரை அழைப்பதில்லை; ஜனாஸாவுக்கும் அழைப்பதில்லை. பாங்கு சொல்லும்போது திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சலுகை அவருக்கு உரியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரை வீட்டில் இருத்த நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

அம்ரு இப்னுல் ஜமூஹ் (ரலி) அவர்கள் வயது முதிர்ந்தவர்கள். காலில் கடும் ஊனம். ஹிஜ்ரி 3-ல் உஹதுக்குப் புறப்பட்டபோது அவர்களுடைய நான்கு மைந்தர்களும், அல்லாஹ் உங்களுக்கு விலக்களித்திருக்கிறானே என்று தடுத்தார்கள். அவர்களோ நேராக நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்கள். உமக்கு விலக்கு உண்டுதான் என்று தந்தையிடம் சொன்ன பெருமானார் (ஸல்) அவர்கள், அவரைத் தடுக்காமல் விட்டால் உங்களுக்கென்ன என்ற கருத்தில் மைந்தர்களிடம் பேசினார்கள். அம்ரு (ரலி) அவர்கள் அன்று ஷஹீதானார்கள். அன்பினால் தடுக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நாம் ஓதியதில்லை.

அக்காலத்தில் இரண்டு பேரின் தோளில் சாய்ந்தபடி ஒருவர் கொண்டுவரப்பட்டு ஸஃப்பில் நிறுத்தப்படுவார் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிப்பது முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களே தமது இறுதி நோயில் இருவர் தாங்க, பாதங்கள் தரையில் இழுபட வெளியே வந்தார்கள்.

இனி இமாம்களாகிய நம் பக்கம். பின்னால் பலவீனரும் நோயாளியும் முதியவரும் நிற்பதால் தொழுகையைச் சுருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது நாமெல்லாம் மனனம் செய்த ஹதீஸ். அப்படியிருந்தும் எமது பள்ளியில் ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமை ஸுப்ஹுக்கு மட்டும் வருவதில்லை என்பது நமக்குத் தெரிய மூன்று மாதமாயிற்று. ஸஜ்தா சூராவை நாம் இழுத்து ஓதும் ஓட்டத்தில் அவருடைய முழங்கால் தாங்கவில்லை. உட்கார்ந்து தொழலாமே என்றோம். நாற்காலியைச் செருப்பு வைக்கும் இடத்திலிருந்து எடுத்துவரக் கூச்சமாக இருக்கிறது என்றார். குற்றம் நம்முடையது. இப்போது நாற்காலிகள் முதல் ஸஃப்பின் ஓரத்திலேயே இருக்கின்றன. (உட்கார்ந்து தொழுபவர் ஸஃப்பைச் சமப்படுத்துவது அவர் அமரும் இடத்தைக் கொண்டுதான், குதிகாலைக் கொண்டல்ல. தரையில் அமர முடிந்தவர் தரையிலேயே அமர்வது நல்லது.)

பள்ளிக்கு அழைத்து வந்தால் மட்டும் போதாது. ஒரு வழக்கைப் பேச வந்தவர்களில் வயதில் இளையவர் முந்திக்கொண்டபோது, மூத்தவரைப் பேசவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரி, முஸ்லிமில் வருகிறது. நமது மஹல்லாக் கூட்டத்தில் பெரியவருக்குச் சால்வை போர்த்துகிறோம். அவர் வாயைத் திறந்தால் மணியைப் பார்க்கிறோம்.

அவர்களால் மட்டுமே ஆகும் காரியங்களும் உண்டு. மய்யித்தைக் குளிப்பாட்டவும், ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து துணி என்று கஃபனை அளந்து வெட்டவும் தெரிந்த வாலிபர்கள் எத்தனை பேர்? பெண்களில் இன்னும் குறைவு. நடக்க முடியாத ஒரு மூதாட்டி கட்டிலில் இருந்தபடியே நான்கு குமரிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு யாராவது அந்தக் குமரிகளை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

தூக்கி வரவும் இயலாதவர்கள் இருக்கிறார்கள். மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8-ல், அபூபக்ர் (ரலி) அவர்கள் முதுமையில் பார்வையிழந்த தம் தந்தை அபூகுஹாஃபாவை அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே விட்டிருந்தால் நானே அவரிடம் வந்திருப்பேனே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். வெற்றி பெற்று ஊருக்குள் வந்த நாளிலும் ஒரு முதியவரின் வீடு தேடிப் போக அவர்கள் தயாராக இருந்தார்கள்.

இதை ஓதிய பிறகு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நாளைக்கொரு வீடு என்று நாம் போய் வருகிறோம். சலாம் சொல்லி உட்கார்ந்ததும் பலரும் முதலில் கேட்பது, தம் உடம்புக்கு துஆச் செய்யும்படியல்ல. இன்று பள்ளியில் எத்தனை ஸஃப் என்றுதான்.