குழலுக்குள் கேமரா விடுமுன்

முன்பெல்லாம் குழலுக்குள் பார்க்கும் போரோஸ்கோப் என்றால் துப்பாக்கிப் பட்டறையில்தான் பார்க்க முடியும். இப்போது கைபேசியிலேயே படம் காட்டும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் வாங்கிய வேகத்தில், திரையில் தெரிந்த கோடுகளைக் கண்டு மிரண்டு, நல்ல பேரலைத் தேய்த்தே கெடுத்த பிள்ளைகளையும் பார்த்துவிட்டேன். புதிதாக ரைஃபிள் சுட வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் மேகஸினைக் கழற்றி, போல்ட்டை உருவி வெளியே வையுங்கள். சேம்பர் காலியா என்று கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாப் பெட்டி அடுத்த அறையில் இருக்கட்டும். கேமராவில் பார்க்கத்தானே போகிறோம் என்று இதை விட்டுவிடாதீர்கள்.

2. கேமராக் கோலின் பருமனைக் கேட்டு வாங்குங்கள். 5 மி.மீ. கோல் .22 குழலில் நுழையும். ஏர் ரைஃபிளின் 4.5 மி.மீ. குழலில் நுழையாது.

3. துடைக்கும் முன் ஒருமுறை, துடைத்தபின் ஒருமுறை பாருங்கள். எது அழுக்கு, எது இரும்பு என்று பிரித்தறிய வேறு வழியில்லை. சால்வென்ட் போட்டிருந்தால் உலர்ந்த துணியை விட்டு ஈரத்தை எடுத்த பிறகே கேமரா.

4. கோலைச் சேம்பர் பக்கமிருந்து விடுங்கள். குழல்வாயின் விளிம்பில் சிறு கீறல் விழுந்தாலும் குண்டு விலகும். குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளங்களில் ஒன்றையே தொடர்ந்து பார்க்க, கோலை நகர்த்தும்போதே திருப்பவும் வேண்டும்; .22 பேரலில் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. விளக்கைக் குறைத்து வைத்தால் நிறங்கள் தெளிவாகத் தெரியும்.

5. தொழிற்சாலைப் பேரல்களில் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகளின் குறுக்கே மெல்லிய கோடுகள் வரிசையாகத் தெரியும். துளையைச் சீராக்கிய ரீமர் விட்ட தடம் அது. கண்ணுக்கே தெரியாததைத் திரை பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அந்தக் கோடுகளோடேயே அருமையாகச் சுடும் பேரல்கள் ஏராளம். தேய்க்கும் பேஸ்ட்டைத் தொடாதீர்கள்.

6. நீங்கள் உண்மையாகவே தேட வேண்டியது கார்பன் வளையத்தை. தோட்டா உறையின் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் கறுத்து, கெட்டியாக, சில சமயம் பளபளப்பாகவே படிந்திருக்கும். .22-இல் காரணமில்லாமல் ஒரு குண்டு மட்டும் மற்றவை விழும் கூட்டத்தை, அதாவது க்ரூப்பை விட்டு ஓடினால் முதலில் அங்கே பாருங்கள். பெரிய தோட்டா ரைஃபிளில் இது உறையின் கழுத்தை நெருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும்; .308-க்கு அனுமதித்த உச்சமே 62,000 பி.எஸ்.ஐ. என்பதால் அதற்கு மேல் விளையாட இடமில்லை. கார்பன் சால்வென்ட்டை அந்த இடத்தில் சிறிது நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி பாருங்கள். ஒரே தடவையில் போகாது. பொறுமையாகச் செய்யுங்கள்.

7. நிறையச் சுட்ட .308 போன்ற ரைஃபிளில் ரைஃப்லிங், அதாவது அந்தச் சுருள் பள்ளங்கள், தொடங்கும் இடம் வறண்ட ஏரித்தரைபோல வெடித்திருக்கும். சூட்டால் வந்த வெடிப்பு. எந்தச் சால்வென்ட்டும் அதை ஆற்றாது. அதைப் பார்த்ததும் பேரலைத் தூக்கிப்போட்டு விடாதீர்கள். க்ரூப் விரிய ஆரம்பித்த பிறகு மாற்றினால் போதும்.

8. செம்பு பள்ளங்களில் ஆரஞ்சு நிறக் கீற்றாகத் தெரியும். லேசாக இருந்தால் இருக்கட்டும். செம்பு சால்வென்ட் போட்ட துணி நீலமானால் செம்பு கரைகிறது என்று பொருள். ஆனால் பித்தளை முனைக் கோலில் துணியைச் சுற்றினால் சுத்தமான பேரலிலும் நீலம் வரும்.

9. குழலைச் சுற்றி நிழல் வளையம் தெரிந்தால், உள்ளே குண்டு சிக்கியிருந்தபோது இன்னொன்றைச் சுட்டதில் பேரல் வீங்கியிருக்கலாம். அந்த ரைஃபிளில் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள். உரிமம் உள்ள பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

10. படங்களைத் தேதியோடும் அதுவரை சுட்ட தோட்டா எண்ணிக்கையோடும் சேர்த்து வையுங்கள். ஒரு படம் அதிகம் சொல்லாது. அதே இடத்தின் ஆறு மாதப் படங்களை அருகருகே வைத்தால் தேய்மானம் தெரியும்.

11. கோலை வெளியே எடுத்ததும் நுனியில் பக்கச்சுவரைக் காட்டும் சிறு கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். திருகு தளர்ந்து உள்ளேயே விழுந்துவிடுவது உண்டு. பிறகு குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே போல்ட்டை மாட்டுங்கள்.