கலூருக்கு மேட்ச் பார்க்கப் போறியா? முதல்ல வயித்தைக் கவனி!

டிக்கெட் கைக்கு வந்ததும் எல்லாரும் யோசிக்கிறது எந்த கேலரி, எந்த ஜெர்சின்னுதான். வயித்தைப் பத்தின நினைப்பு ஹாஃப் டைம்லதான் வரும். அதுக்குள்ள கேன்டீன் முன்னாடி நூறு பேர் நிப்பாங்க. கொச்சி மட்டாஞ்சேரியில இருந்து கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு ஃபுட்பால் பார்க்கக் கிளம்புற தங்கச்சி, அக்கா சொல்ற இந்த ஒரு கணக்கை மட்டும் மனசுல வச்சுக்கோ. ஏழரை மணி ஆட்டம்னா வீட்டை விட்டு நாலு மணிக்குக் கிளம்பணும். திரும்பி வந்து செருப்பைக் கழட்டும்போது பன்னிரண்டு ஆகலாம். மொத்தம் எட்டு மணி நேரம். ஆட்டம், இடைவேளை எல்லாம் சேர்த்தே அதுல ரெண்டு மணி நேரம்தான். சாப்பாட்டுக்குத் திட்டம் போட வேண்டியது மீதி ஆறு மணி நேரத்துக்கு.

மதியச் சாப்பாட்டுல இருந்து ஆரம்பிக்கலாம். வெளியூர்ல இருந்து வர்றவங்க மட்டாஞ்சேரி வந்ததும் நேரா ரஹ்மத்துல்லா ஹோட்டலுக்குத்தான் போவாங்க. அந்தப் பேரைச் சொன்னா இங்க பாதிப் பேருக்குப் புரியாது, காயீஸ்னு கேளு. அந்த மட்டன் பிரியாணியை வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டு முடி. மூணு மணிக்கு வயிறு முட்டத் தின்னுட்டு, படகு, ஆட்டோ, மெட்ரோன்னு மாறி மாறி ஏறிப் போய், கூட்டத்துல நசுங்கி, படிக்கட்டு ஏறி உக்கார்ந்தா முதல் பாதி முழுக்க நெஞ்செரிச்சல்தான். என்னைக் கேட்டா ஆட்டத்தன்னிக்கு மதியம் கஞ்சியும் பயறும்தான் சரி. கூட ஒரு சுட்ட பப்படம், கொஞ்சம் தேங்காய்ச் சம்மந்தி. உப்பும் தண்ணியும் சேர்ந்தே உள்ள போயிடும். பிரியாணி நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

அஞ்சு மணிக்கு ஒரு வேகவச்ச நேந்திரம்பழம், இல்லேன்னா ஒரு பழம்பொரியும் டீயும். ராத்திரி பத்து மணி வரைக்கும் இது தாங்கும். குழந்தையைக் கூட்டிட்டுப் போறேன்னா இந்த அஞ்சு மணித் தீனியை எக்காரணம் கொண்டும் விட்டுடாதே.

தண்ணி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன். கொச்சி வெயில் பார்க்க சாது மாதிரி இருக்கும், ஆனா காத்துல இருக்கிற ஈரம் வியர்வையைக் காய விடாது. வியர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும். இங்க அது முதுகுல வழிஞ்சிட்டே இருக்கும், உடம்பு உப்பையும் தண்ணியையும் விட்டுட்டே இருக்கும், சூடு மட்டும் இறங்காது. அதுக்கு மேல பாலியஸ்டர் ஜெர்சி வேற! அதனால மூணு மணியில இருந்தே அரை மணிக்கு ஒரு டம்ளர்னு குடிச்சிட்டு வா. ஹோட்டல்ல இளஞ்சிவப்பு நிறத்துல பதிமுகத் தண்ணி வைப்பாங்க, நல்லா கொதிக்க வச்சதுன்னா வயித்துக்குப் பயமில்லை. அதைவிட எனக்குப் பிடிச்சது சம்பாரம். மோர்ல இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, உப்பு போட்டது. போன உப்பைத் திருப்பிக் கொடுக்கும். குலுக்கி சர்பத்தும் நல்லாத்தான் இருக்கும், ஆனா ரோட்டோரத்துல குடிச்சா ஐஸ் போடாம கேளு. குலுக்குற வேகத்துல ஐஸ் எங்க இருந்து வந்துச்சுன்னு யாரும் பார்க்கிறதில்ல.

அடுத்தது நம்ம பொண்ணுங்க செய்ற வேலை. டாய்லெட் எப்படி இருக்குமோன்னு பயந்து மத்தியானத்துல இருந்தே தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவாங்க. வேண்டாம்டி. தலைவலி, கால் பிடிப்பு, மறுநாள் சிறுநீர் எரிச்சல் எல்லாம் அதுலதான் வரும். குடி, ஆனா நேரம் பார்த்துக் குடி. ஆட்டம் தொடங்க முக்கால் மணி இருக்கும்போது நிறைய குடிக்கிறதை நிறுத்திட்டு, அப்புறம் ஒவ்வொரு வாயா மட்டும். மெட்ரோ ஸ்டேஷன்லயே ஒரு தடவை போயிடு. ஸ்டேடியம் உள்ள போனதும், சீட்டைத் தேடுறதுக்கு முன்னாடி, டாய்லெட் எந்தப் பக்கம்னு பார்த்து வச்சுக்கோ. விசில் ஊத இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும்போது வரிசை சின்னதா இருக்கும். ஹாஃப் டைம் பதினஞ்சே நிமிஷம், அந்த வரிசையில நின்னா ரெண்டாம் பாதியின் முதல் கோலைச் சத்தமாத்தான் கேப்பே. டிஷ்யூ, சின்ன சோப்புத் தாள், தேவைப்பட்டா ரெண்டு பேட், இது மூணும் பேன்ட் பாக்கெட்ல இருக்கட்டும். கைப்பையை நம்பாதே, கேட்ல திருப்பி அனுப்பிடுவாங்க.

கேட்டுன்னதும் இன்னொண்ணு. வெளிச் சாப்பாடு, தண்ணி பாட்டில், ஹெல்மெட், பவர் பேங்க் எல்லாத்துக்கும் பொதுவா தடைதான். டிக்கெட்ல இருக்கிற நிபந்தனையை ஒரு தடவை படிச்சுடு. பைக்ல போனா ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்டி வை. கைக்குழந்தைக்குப் பால், கஞ்சின்னு ஏதாவது கொண்டு போனா கேட்ல இருக்கிற பெண் போலீஸ்கிட்ட பொறுமையா கேளு.

வெளித் தண்ணியைத் தடுத்தா உள்ளே தண்ணி கொடுக்கிறது நடத்துறவங்க பொறுப்பு. இதை நான் சும்மா சொல்லல. 2017 அக்டோபர்ல 17 வயசுக்குட்பட்டோர் ஃபுட்பால் உலகக் கோப்பை இந்தியாவுல நடந்துச்சே, கொச்சியிலயும் ஆட்டம் இருந்துச்சு. டெல்லியில முதல் நாளே பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டங்கூட்டமா கொண்டு வந்து உக்கார வச்சாங்க, தண்ணி தட்டுப்பாடாயிடுச்சு, நடத்தினவங்களே தப்பை ஒத்துக்கிட்டாங்க. 2023 கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு பி.சி.சி.ஐ. எல்லா ஸ்டேடியத்துலயும் இலவசக் குடிநீர்னு அறிவிச்சுது. அதனால உள்ள போனதும் இலவசத் தண்ணி எங்க இருக்குன்னு கேக்க வெக்கப்படாதே. கடையில பாட்டில் வாங்கினா எம்.ஆர்.பி. பாரு. கடைக்காரர் அதுக்கு மேல விக்கக் கூடாதுன்னு சட்டமுறை எடையளவு விதி இருக்கு.

உள்ளே விக்கிற தீனி எல்லா ஊர்லயும் விலைதான். அமெரிக்காவுல அட்லாண்டா ஸ்டேடியம் ஒண்ணு, 2017ல திறந்தப்போ சாப்பாட்டு விலையைப் பழைய ஸ்டேடியத்தைவிடப் பாதியாக் குறைச்சுது. நஷ்டப்படுவாங்கன்னுதானே நினைப்போம்? ஒரு ரசிகர் சராசரியாச் செலவழிச்சது 16 சதவீதம் கூடிடுச்சு. வாங்க முடியற விலைன்னா ஜனங்க ரெண்டு தடவை வாங்குவாங்க, அவ்வளவுதான் கணக்கு. இதை நம்ம ஊர் கான்ட்ராக்டர்கள் காதுல யாராவது போட்டா நல்லா இருக்கும்.

சரி, உள்ளே வாங்கியே ஆகணும்னா என்ன வாங்கலாம்? கண் முன்னாடி சுட்டு எடுக்கிறது, உலர்ந்தது. கப்பலண்டிப் பொட்டலம்தான் எப்பவும் என் முதல் சாய்ஸ், சூடா வறுத்த கடலை யாரையும் படுக்க வச்சதில்லை. பப்ஸ் மதியமே வந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்கார்ந்திருந்தா விட்டுடு. மயோனைஸ் வழியிற ரோல், சாண்ட்விச் வேண்டவே வேண்டாம். 2022ல காசர்கோடு பக்கம் செருவத்தூர்ல ஷவர்மா சாப்பிட்டு ஒரு பள்ளி மாணவி இறந்து போனதை மறக்க முடியுமா? 2023 ஜனவரியில கேரள அரசு பச்சை முட்டை மயோனைஸையே தடை பண்ணிடுச்சு. பார்சல் மேல தயாரிச்ச நேரத்தை ஒட்டணும்னும் உத்தரவு வந்துச்சு. அந்த ஸ்டிக்கரைப் படிக்கப் பழகிக்கோ. ஸ்டிக்கரே இல்லாத பார்சலைத் தூக்கிட்டு மட்டாஞ்சேரி வரைக்கும் வராதே.

போற வழி: மட்டாஞ்சேரிக்கு 2025 அக்டோபர்ல வாட்டர் மெட்ரோ வந்தாச்சு, டச்சு அரண்மனை பக்கத்துலயே ஜெட்டி. ஹைகோர்ட்டுக்குப் படகு, அங்க இருந்து ஆட்டோல எம்.ஜி. ரோடு மெட்ரோ, அப்புறம் ஜே.எல்.என். ஸ்டேடியம் ஸ்டேஷன். காத்தாட சுகமாப் போகலாம். ராத்திரி படகை நம்பாதே, ஆட்டம் முடியற நேரத்துக்கு அது தூங்கிடும். மேட்ச் அன்னிக்கு மெட்ரோ ரயிலைக் கூடுதல் நேரம் ஓட்டறது வழக்கம், அன்னிக்கு அறிவிப்பைப் பார்த்துக்கோ. திரும்புற டிக்கெட்டைப் போகும்போதே எடுத்துடு. மெட்ரோவை விட்டு இறங்கினதுக்கு அப்புறம் தேவரா, வில்லிங்டன் தீவு, தோப்பும்படி வழியா ஆட்டோ.

சீட்ல உக்கார்ந்ததும் வெளியேறும் வழியைக் கண்ணால அளந்து வை. 2017 உலகக் கோப்பைக்கு இந்த ஸ்டேடியத்துல பார்வையாளர் எண்ணிக்கையை சுமார் 29,000ஆ சுருக்கினாங்க, அவசரத்துல ஜனங்க வெளியேற வழி போதாதுங்கிற கவலையிலதான். கிழக்கு கேலரி கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டமான மஞ்ஞப்படையோட இடம். ட்ரம், பாட்டு, தொண்டை கிழியக் கத்தல். அந்த ஆவேசத்துக்காகவே போகலாம், ஆனா நாலு வயசுக் குழந்தையோட போகாதே. வேற பக்கத்துல சீட் எடு, குழந்தை காதுக்கு மஃப் மாட்டு, உன் போன் நம்பரைப் பேனாவால அதோட கையில எழுது. துலாவர்ஷம், அதான் வடகிழக்குப் பருவமழை, பெய்யற மாசத்துல சாயங்கால மழை சொல்லாம வரும். குடையை உள்ள விட மாட்டாங்க, மடிச்சா உள்ளங்கையில அடங்கற மழைக்கோட்டு போதும்.

ஆட்டம் முடிஞ்சதும் எழுந்து ஓடாதே. பத்து, பதினஞ்சு நிமிஷம் உக்காரு, நெரிசல் தானா வடியும். ஜெயிச்ச அன்னிக்கு இது சுலபம். 2016 டிசம்பர் 18, இதே மைதானத்துல ஐ.எஸ்.எல். ஃபைனல், பிளாஸ்டர்ஸ் பெனால்டியில கொல்கத்தாகிட்ட தோத்த மாதிரி ராத்திரின்னா யாருக்கும் உக்காரப் பிடிக்காது. அப்பவும் உக்காரு. வெளியே வந்து தட்டுக்கடையில சூடா ரெண்டு தோசை, ஆம்லெட், ஒரு சுக்குக் காப்பி. கத்திக் கத்திப் போன தொண்டைக்கு சுக்கு இதமா இருக்கும். பொரோட்டாவும் பீஃபும் இழுக்கும்தான். பதினோரு மணிக்கு அது வேண்டாம்னு சொன்னா நீ கேக்கவா போறே, ரெண்டு பொரோட்டாவோட நிறுத்திக்கோ.

வீட்டுக்கு வந்ததும் ஜெர்சியைப் பிளாஸ்டிக் கவர்ல சுருட்டி வைக்காதே, ராத்திரியே பச்சைத் தண்ணியில அலசிடு. துவைக்கிறதுன்னதும் ஞாபகம் வருது, ஃபோர்ட் கொச்சியில வெளிங்கிற இடத்துல இருக்கிற தோபி கானாவை, ஸ்டேடியத்துக்குச் சொந்தக்காரங்களான அதே ஜி.சி.டி.ஏ.தான் (கொச்சி வளர்ச்சி ஆணையம்) 1976ல கட்டிக் கொடுத்துச்சு. அங்க துவைக்கிறவங்க பெரும்பாலும் நம்ம தமிழ் ஆளுங்க. வேஷ்டி, புடவைக்குக் கஞ்சி போட்டு வெயில்ல காய வைக்கிறதுல அவங்களை அடிச்சுக்க ஆள் இல்லை. ஜெர்சிக்கு மட்டும் கஞ்சியும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழல்ல காயப் போடு, முதுகுல இருக்கிற நம்பர் மேல இஸ்திரிப் பெட்டியை வைக்காதே.