கருவி கத்தினால் அது விண்கல்லா?

விண்கல் ஒன்று கையில் கிடைத்தால் வாழ்க்கையே மாறிவிடும், அதைத் தேட ஒரு மெட்டல் டிடெக்டர் போதும், கருவி கத்துகிற இடத்தைத் தோண்டி வருகிற கறுப்புக் கல்லில் காந்தம் ஒட்டினால் அது வானத்திலிருந்து வந்ததுதான். இணையக் காணொளிகள் பரப்பிவரும் இந்த நம்பிக்கை முழுப் பொய்யில்லை. அதனால்தான் அதைக் களைவது கடினமாக இருக்கிறது. விழுவதைக் கண்ணால் கண்டு எடுத்த விண்கற்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்பட்டவை கொன்றைட் என்ற வகைக் கற்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத் துணுக்குகள் உண்டு. உலோகம் கூடிய ரகங்களில் அது கல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம். ஆகவே நல்ல விண்கல்லுக்கு மேலே கருவியைப் பிடித்தால் பெரும்பாலும் கத்தும். கத்துவதெல்லாம் விண்கல் என்று அதைத் திருப்பிப் போட்டுப் படிக்கும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது. எந்த மண்ணில் நின்று தேடுகிறோம் என்பதைப் பார்த்தால், மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள நம் வாழைச்சேனையில் இந்தப் பிழை எவ்வளவு பெரிது என்று புரியும்.

டிடெக்டரின் சுருளிலிருந்து மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் ஒன்று நிலத்துக்குள் இறங்குகிறது. மின்சாரம் கடத்தும் எதுவும், காந்தத் தன்மையுள்ள எந்தக் கனிமமும் அந்தப் புலத்தைக் குழப்பும். குழப்பம் ஏற்பட்டது என்பதை மட்டுமே கருவி சொல்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தின் அடிப்பாறை விஜயன் தொகுதியைச் சேர்ந்தது. அதிலுள்ள நைஸ், அம்பிபொலைட் பாறைகளில் மக்னடைட் என்ற காந்தக் கனிமம் கலந்திருக்கிறது. புல்மோட்டை இல்மனைட்டுக்குப் பெயர் பெற்றது. அந்தக் கருமணல் கீழைக் கரையில் வேறு இடங்களிலும் படை படையாகக் கிடக்கிறது. வடக்கே சேருவிலையில் செம்பும் மக்னடைட்டும் சேர்ந்த படிவமே உண்டு. இவை இயற்கை கொடுத்தவை. இவற்றின் மேல் மனிதர் போட்டவை வேறு: சோடா மூடி, ஓட்டு ஆணி, சுனாமி அள்ளிப்போன வீடுகளின் தகரம், பட்டறையில் கொட்டிய கிட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக முப்பது வருட யுத்தத்தின் செல் துண்டுகள். இத்தனை இரும்புக்கு நடுவே ஒலிக்கும் ஓர் ஓசையை வானத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

நம் பகுதியிலும் விண்கல் விழாமலா போகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐம்பது கிராமுக்கு மேற்பட்ட விண்கற்கள் வருடத்துக்கு ஏறத்தாழ 17,000 பூமியில் விழுகின்றன என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. உலகின் பரப்பால் வகுத்தால், சுமார் 2,850 சதுர கிலோமீற்றர் கொண்ட மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் பத்து வருடத்தில் ஒன்று வருகிறது. குறைவான எண் இல்லை. ஆனால் அதில் ஒரு பங்கு வாவியிலும் களப்பிலும் போய்விடும். நிலத்தில் விழுந்ததை மாரி மழையும் உப்புக் காற்றும் விட்டுவைக்காது. உள்ளிருக்கும் இரும்பு கறள் ஏறிப் பொங்க, கல் வெடித்து உதிரும். அந்தாட்டிக்காவின் பனியிலும் சகாராவின் வறட்சியிலும் ஆயிரக்கணக்கில் கிடைப்பதற்குக் காரணம் அங்கே கூடுதலாக விழுவதல்ல, அழியாமல் கிடப்பதுதான். இலங்கையில் விழுந்ததாகப் பதிவேறியவற்றில் பழையது 1795 ஏப்ரலில் முல்லைத்தீவில் விழுந்த கல். விழுந்ததைக் கண்டு எடுத்தபடியால்தான் அது மிஞ்சியது.

அமெரிக்காவில் டிடெக்டரால்தானே எடுக்கிறார்கள் என்பது அடுத்த வாதம். உண்மை. கன்சாஸ் மாநிலத்தின் பிரென்ஹாமில் 2005இல் ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள ஒரே துண்டை அப்படித்தான் நிலத்துக்கடியிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அந்தப் பண்ணை நிலங்களில் விண்கல் துண்டுகள் கிடக்கின்றன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். இடம் உறுதியான பின்பு கருவி வந்தது. இடம் தெரியாமல் கருவியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவது வேறு வேலை.

அடையாளம் காண்பதில் இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. அதற்கான பாடம் நம் எல்லைக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2012 டிசம்பர் 29இல் பொலன்னறுவை மாவட்டத்தின் அரலகன்விலப் பக்கம் தீக்கோளம் ஒன்று தெரிந்ததாகச் செய்தி வந்தது. வயல்வெளியில் பொறுக்கிய கற்களை ஆராய்ந்த பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவர் குழுவினரும், அவற்றுக்குள் டயட்டம் என்ற நுண்பாசிகளின் புதைபடிவங்கள் இருக்கின்றன, வேற்றுலக உயிருக்கு இது சான்று என்று 2013 ஜனவரியில் எழுதினார்கள். உலகமெங்கும் செய்தியானது. ஆனால் அந்தக் கற்கள் மிக இலேசானவை, துளைகள் நிறைந்தவை. காட்டிய டயட்டம்களோ இன்றும் பூமியின் நன்னீரில் வாழ்பவற்றைப் போன்றவை. வயலில் கிடந்த கல்லுக்குள் நன்னீர்ப் பாசி புகுவதற்கு விண்வெளி தேவையில்லை. முதலில் அது விண்கல்தானா என்பதே நிறுவப்படவில்லை என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன். தீக்கோளம் மெய்யாகவே ஓடியிருக்கலாம். அதற்காக அடுத்த நாள் காலில் தட்டுப்பட்ட கல் அதிலிருந்து விழுந்ததாகிவிடாது. பேராசிரியர் ஒருவரின் கையிலிருந்த கல்லுக்கே இந்தக் கேள்வி எழும் என்றால், டிடெக்டரின் சத்தத்தை மட்டும் நம்பும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அப்படியென்றால் கல்லையே கேட்க வேண்டும். புதிதாக விழுந்த விண்கல்லின் மேல் ஒரு மில்லிமீற்றர் அளவே தடிப்பான கறுத்த உருகுதோல் இருக்கும். உள்ளே பெரும்பாலும் வெளிர் சாம்பல் நிறம். குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் ஏறக்குறைய உறுதியாக அது கிட்டம்தான். கொன்றைட் ஒரு கன சென்ரிமீற்றருக்கு மூன்றரை கிராம் அளவில் இருக்கும், சாதாரணக் கருங்கல்லை விடக் கைக்குப் பாரம். பீங்கான் கோப்பையின் அடியில் பூச்சில்லாத வளையத்தில் உரசிப் பார்த்தால் மக்னடைட் கறுப்புக் கோடும் ஹெமடைட் செங்கபிலக் கோடும் இழுக்கும்; புது விண்கல் பெரும்பாலும் கோடு விடாது. ஒரு மூலையை அரத்தால் தேய்த்தால் கொன்றைட்டில் வெள்ளிப் பொட்டுகள் மின்னும். இவை சந்தேகத்தைக் குறைக்கும், தீர்ப்புச் சொல்லா. உலோகமே இல்லாத விண்கற்களும் உண்டு. அவற்றின் மேல் கருவி மௌனமாகவே கடந்துபோகும். காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழக்கத்தையோ விட்டுவிடுவது நல்லது. பலமான காந்தம் பட்டால் கல் கோடிக்கணக்கான வருடங்களாகக் காத்துவந்த பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும். சகாராவில் கிடைத்த பெறுமதியான செவ்வாய்க் கல் ஒன்றுக்கு இப்படி நேர்ந்ததை 2023இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கருவியோடு தோண்டித்தான் பார்ப்போமே, என்ன நட்டம் என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் மெட்டல் டிடெக்டரை அதிகம் பயன்படுத்தியவர்கள் மிதிவெடி அகற்றியவர்கள். ஓசை கேட்ட இடத்தை அவர்கள் மண்வெட்டியால் கொத்தியதில்லை. வெடிக்காத செல் ஒன்றும் விண்கல்லும் கருவிக்கு ஒரே சத்தம்தான். பழைய குடியிருப்புகள், விகாரை, கோயில் இடிபாடுகள் உள்ள நிலத்தில் தோண்டினால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் வந்து நிற்கும். புதையல் தேடியதாகப் பொலிஸ் பிடித்த பிறகு விண்கல் கதை எடுபடாது.

தீக்கோளம் கண்டால் நேரத்தையும், நின்ற இடத்தையும், அது எந்தத் திசையில் எந்த மரத்துக்கோ கூரைக்கோ மேலாக மறைந்தது என்பதையும் உடனே எழுதிவைப்பதுதான் பயனுள்ள வேலை. இரண்டு மூன்று ஊர்க்காரரின் குறிப்புச் சேர்ந்தால் விழுந்த பகுதியைக் குறுக்கலாம். மேற்பரப்பில் சந்தேகமான கல் கிடைத்தால் கிடந்தபடியே படம் எடுத்து, கழுவாமல் சுத்தமான பையில் இட்டு, புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கோ பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்கோ அறிவிக்கலாம். முழுக் கல்லையும் பறிகொடுத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம்: புது விண்கல்லைச் சர்வதேசப் பட்டியலில் சேர்க்க ஆய்வு நிறுவனமொன்றில் வைக்கக் கேட்பது இருபது கிராம், அல்லது மொத்த எடையில் ஐந்தில் ஒன்று, இரண்டில் எது குறைவோ அது.