கணக்குக் கோப்பு திறக்க மாட்டேங்குதா? எந்தப் பூட்டு என்று முதலில் பாருங்கள்



“அக்கா, பேரும் பாஸ்வேர்டும் சரியாத்தான் போட்டேன். உள்ளே விடமாட்டேங்குது.”

“எனக்குத் திறக்குது. ஆனா ஒரு வரி எழுத முடியலே.”

கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கூட்டமைப்பு அலுவலகங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும். இது கம்ப்யூட்டர் முன் உட்காரும் சகோதரியின் கஷ்டம் மட்டும் என்று மற்றவர்கள் இருந்துவிடக் கூடாது. அந்தக் கோப்புக்குள் இருப்பது நம் சேமிப்பு, நம் கடன், நாம் கட்டிய தவணை. அதனால் கம்ப்யூட்டர் தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து இந்தப் பாடத்தைப் படியுங்கள்.

கோப்பு எங்கே இருக்கிறது?

சிறிய அலுவலகங்கள் பலவற்றில் எம்.எஸ். ஆக்சஸ் என்ற நிரலில் கணக்கு வைக்கிறார்கள். எல்லாக் குழுக்களின் கணக்கும் ஒரே கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு முதன்மைக் கம்ப்யூட்டர் ஒன்றில் இருக்கும். அதைத்தான் சர்வர் என்கிறோம். மற்ற கம்ப்யூட்டர்கள் கேபிள் வழியாக அதே கோப்பைத் திறந்து எழுதுகின்றன. பேரேடு ஒன்றுதான், எழுதும் கைகள் இரண்டு மூன்று.

நம் குழுவுக்காக வங்கியில் பணம் எடுக்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தால் என்ன கேட்போம்? வங்கி திறந்திருந்ததா? போனது யார்? அவர்களுக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் இருக்கிறதா? இப்படி வரிசையாகக் கேட்போம். கோப்பு திறக்காதபோதும் அதே வரிசைதான். வழி, ஆள், அனுமதி, கோப்பு என்று நான்கு பூட்டுகள். எந்தப் பூட்டு மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் உடைக்கக் கூடாது.

தொடங்குமுன் இரண்டு வேலை செய்யுங்கள். திரையில் வரும் செய்தியை ‘ஓகே’ அழுத்தி மூடிவிடாமல் அப்படியே நோட்டில் எழுதுங்கள், அல்லது செல்போனில் படம் எடுங்கள். பிறகு பக்கத்துக் கம்ப்யூட்டரில் கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் திறக்கவில்லை என்றால் சர்வரிலோ கேபிளிலோ கோளாறு. ஒருவருக்கு மட்டும் என்றால் அந்தக் கம்ப்யூட்டரிலோ அவருடைய லாகினிலோ கோளாறு.

முதல் பூட்டு: வழி

சர்வர் ஓடுகிறதா? கேபிள் இரண்டு பக்கமும் சரியாக மாட்டியிருக்கிறதா? பல இடங்களில் சர்வரின் ஃபோல்டருக்கு இசட் டிரைவ் என்பதுபோல் ஓர் எழுத்து கொடுத்திருப்பார்கள். கரண்ட் போய் வந்தபின் சர்வர் கிளம்புமுன் மற்ற கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டால் அந்த டிரைவ் இணையாமல் நிற்கும். சர்வர் முழுதாகக் கிளம்பிய பிறகு இந்தக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாம் பூட்டு: ஆள்

‘நீ யார்?’ என்று சர்வர் கேட்கிறது. இதுதான் லாகின். இங்கே பார்க்க வேண்டியவை:

1. கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா? கீபோர்டு தமிழில் நிற்கிறதா? பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துபோகும்.

2. தனிச் சர்வர் ஏற்பாடு இல்லாத சிறிய அலுவலகத்தில், உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் முதன்மைக் கம்ப்யூட்டரிலும் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் போதாது.

3. பாஸ்வேர்டே இல்லாமல் வெறுமனே வைத்திருந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் நேராக உட்கார்ந்து நுழையலாம். கேபிள் வழியாக வந்தால் விண்டோஸ் சாதாரணமாக அனுமதிக்காது.

4. நான்கு எண் பின் போட்டுக் கம்ப்யூட்டரைத் திறப்பவர்கள் கவனிக்க: அந்தப் பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். சர்வர் கேட்டால் முழுப் பாஸ்வேர்டைத்தான் தர வேண்டும்.

5. பாஸ்வேர்டை மாற்றிய மறுநாள் தகராறு என்றால், கம்ப்யூட்டர் பழையதையே நினைவில் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கலாம். கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற இடத்தில் பழையதை நீக்கிப் புதியதைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் பூட்டு: அனுமதி

‘நீ யாரென்று தெரிந்தது. ஆனால் உனக்கு என்ன உரிமை?’ என்பது அடுத்த கேள்வி. ‘ஆக்சஸ் டினைட்’ என்று வந்தால் உரிமை இல்லை என்று பொருள். நிரலின் பெயரும் ஆக்சஸ் என்பதால் நிரல் கெட்டுவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ‘ரீட் ஒன்லி’ என்று வந்தால் படிக்கலாம், எழுத முடியாது.

அதிகம் குழப்புவது இந்தப் பூட்டுதான். ஏனென்றால் இதில் இரண்டு இடத்தில் அனுமதி இருக்கிறது. ஃபோல்டரைப் பகிரும்போது கொடுக்கும் ஷேரிங் அனுமதி ஒன்று. அதே ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் உள்ள அனுமதி இன்னொன்று. கேபிள் வழியாக வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். ஒன்றில் முழு உரிமை, மற்றதில் படிக்க மட்டும் என்றால் படிக்கத்தான் முடியும். சர்வரிலேயே உட்கார்ந்தால் எழுத முடிகிறது, பக்கத்து அறையிலிருந்து முடியவில்லை என்றால் ஷேரிங் அனுமதியை முதலில் பாருங்கள். நேரில் உட்காருபவரை அந்த அனுமதி தடுக்காது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆக்சஸ் கோப்பைத் திறந்தவுடன் அதே ஃபோல்டரில் ஒரு சின்னப் பூட்டுக் கோப்பு தானாக உருவாகும். பழைய எம்டிபி வகைக்கு எல்டிபி என்றும், 2007 முதல் வந்த ஏசிசிடிபி வகைக்கு எல்ஏசிசிடிபி என்றும் அதன் வால் பெயர் இருக்கும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்கான கணக்கு அது. கடைசி ஆள் வெளியேறியதும் தானாக அழியும். அதனால் கணக்குக் கோப்பில் எழுத உரிமை கொடுத்தால் போதாது. அந்த ஃபோல்டரில் கோப்பை உருவாக்க, மாற்ற, அழிக்க உரிமை வேண்டும். செக்யூரிட்டி பக்கத்தில் ‘மாடிஃபை’ என்பது இதற்குப் போதும். ‘ஃபுல் கண்ட்ரோல்’ வேண்டியதில்லை.

மேலும் இரண்டு சங்கதி. ஒருவரை அனுமதி பெற்ற பயனர் குழுவில் புதிதாகச் சேர்த்தால், அவர் ஒருமுறை லாக் ஆஃப் செய்து மறுபடி நுழைந்த பிறகே அது நடைமுறைக்கு வரும். ஒரே டிரைவில் வேறு ஃபோல்டரிலிருந்து நகர்த்திக் கொண்டுவந்த கோப்பு பழைய இடத்து அனுமதியையே சுமந்துவரும். நேற்று வரை திறந்த கோப்பு இடம் மாற்றியதும் மறுத்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

நான்காம் பூட்டு: கோப்பு

சில கோப்புகளுக்குத் தனிப் பாஸ்வேர்ட் உண்டு. அது லாகின் பாஸ்வேர்ட் அல்ல. ‘நாட் எ வேலிட் பாஸ்வேர்ட்’ என்று வந்தால் இதைத்தான் கேட்கிறது. இதைத் தொலைத்தால் மீட்பது பெரும்பாடு. காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, தலைவியும் செயலாளரும் மேலே கையெழுத்திட்டு பீரோவில் வையுங்கள்.

‘கோப்பு ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று வந்தால், யாரோ அதைத் தனக்கு மட்டும் என்ற எக்ஸ்குளூசிவ் முறையில் திறந்திருக்கலாம். சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட் என்ற இடத்தில், ஷேர்டு ஃபோல்டர்ஸ் என்பதன் கீழ் ஓப்பன் ஃபைல்ஸ் என்று பார்த்தால் யார் திறந்திருக்கிறார் என்று தெரியும். அவரை மூடச் சொல்லுங்கள். கரண்ட் போனதால் பூட்டுக் கோப்பு அழியாமல் கிடந்தால், எல்லாக் கம்ப்யூட்டரிலும் நிரலை மூடியாயிற்று என்று உறுதி செய்த பிறகே அதை நீக்க வேண்டும். ஒருவர் உள்ளே இருக்கும்போது நீக்க முயலக் கூடாது.

பழைய எம்டிபி கோப்பில் ஆளுக்கொரு உரிமை தரும் ஏற்பாடு கோப்புக்குள்ளேயே உண்டு. ஏசிசிடிபி வகையில் அது கிடையாது. பழையதைப் புதியதாக மாற்றும்போது அந்த உரிமைப் பிரிவுகள் போய்விடும். மாற்றுமுன் யோசியுங்கள்.

எது ஆபத்து?

கோப்பு எழுத விடவில்லை. மாதக் கடைசி. வசூல் குவிந்துகிடக்கிறது. பதிவு செய்யும் சகோதரி என்ன செய்வார்? “சரி, ஒரு நகல் எடுத்து என் கம்ப்யூட்டரில் ஏற்றிடலாம், அப்புறம் சேர்த்துக்கலாம்” என்று தோன்றும். எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து பேரேடு இரண்டாகிவிடுகிறது. பத்துக் குழுவின் தவணை நகலில் ஏறும். பக்கத்து அறையில் மீதிக் குழுக்களின் தவணை அசலில் ஏறும். பிறகு ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் காப்பி அடித்தால் ஒரு பாதி அழிந்துபோகும். ஒழுங்காகக் கட்டிய உறுப்பினரின் பெயரில் நிலுவை நிற்கும். குழுக் கூட்டத்தில் அவர் தலைகுனிய வேண்டிவரும். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதே என்று நாமும் நம்பிவிடுவோம்.

இன்னொரு ஆபத்து, எல்லோருக்கும் முழு உரிமை கொடுப்பது, அல்லது எல்லோரும் ஒரே பெயரில் நுழைவது. அந்த நேரத்துக்குத் தகராறு தீரும். ஆனால் ஒரு தொகை மாறிவிட்டால் யார் கை பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது பழி விழுவது பெரும்பாலும் சம்பளம் குறைவான, வயதில் சின்ன சகோதரி மேல்தான். தனித்தனிப் பெயர் இருந்தாலும் போதாது. யார் எப்போது மாற்றினார் என்பதையும் குறித்துக்கொள்ளும்படி கணக்குக் கோப்பை அமைத்துத் தரச் சொல்லுங்கள். ஆக்சஸ் தானாக அதைச் செய்யாது. அப்படி அமைத்தால், தவறு செய்தவரைப் பிடிக்க மட்டுமல்ல, தவறு செய்யாதவரைக் காக்கவும் உதவும்.

அப்படியானால் கோப்பு திறக்காத நாளில் என்ன செய்வது? வசூலை நிறுத்த வேண்டாம். ரசீது போடுங்கள். ரொக்கப் புத்தகத்தில் எழுதுங்கள். உறுப்பினரின் பாஸ்புத்தகத்தில் வரவு வைத்துக் கையெழுத்திடுங்கள். கோப்பு சரியானதும் அந்தக் காகிதத்தைப் பார்த்து ஏற்றுங்கள்.

நிர்வாகக் குழு செய்ய வேண்டியவை

* யாருக்குப் படிக்க, யாருக்கு எழுத உரிமை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். சர்வரில் அமைப்பவர் அதன்படி அமைக்கட்டும்.
* வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே நிறுத்துங்கள். புதியவருக்கு அதே பெயரைக் கொடுக்காதீர்கள்.
* தினமும் எல்லோரும் நிரலை மூடியபின் பென் டிரைவில் நகல் எடுங்கள். இரண்டு பென் டிரைவை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இந்த நகல் பத்திரத்துக்கு மட்டும், எழுதுவதற்கு அல்ல.
* ‘ரிப்பேர்’ கொடுக்குமுன் நகல் எடுத்தாயிற்றா, எல்லோரும் வெளியே வந்தாயிற்றா என்று கேளுங்கள்.
* வெளியிலிருந்து வந்து சரிசெய்பவரிடம் எதை மாற்றினார் என்று எழுதி வாங்குங்கள். “சரி பண்ணிட்டேன்” என்ற ஒரு வார்த்தை போதாது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் கூட்டமைப்பின் கணக்குக் கோப்பில் எழுத உரிமை உள்ளவர்கள் யார் யார்?
2. கடைசியாக நகல் எடுத்தது எந்தத் தேதி?
3. உங்கள் பாஸ்புத்தகத்தில் உள்ள கடன் நிலுவையும் கம்ப்யூட்டர் அறிக்கையில் உள்ள நிலுவையும் ஒன்றாக இருக்கின்றனவா?

மூன்றாவது கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புத்தகத்தை மறக்காமல் எடுத்துவாருங்கள். அறிக்கையை வாங்கி ஒவ்வொரு பெயராக வாசித்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள்.